அட்டவணையில் எழுதாத ஒரு வரி

ரமலான் பிறை 1. நானும் என் மனைவி ஜமீலாவும் நோன்பு வைத்தோம். எனக்கு வயது எழுபத்தொன்று, அவளுக்கு அறுபத்தைந்து. அவளுக்குப் பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை எடுத்துவந்தாள். காலை மாத்திரைகளை, விடியுமுன் உண்ணும் சஹர் உணவோடு எடுக்கும்படி நான் மாற்றினேன். மருத்துவரிடம் கேட்கவில்லை. நோன்புகால நடைப்பயிற்சிக்கென்று நான் தயாரித்த அட்டவணை சமையலறை அலமாரிக் கதவில் ஒட்டப்பட்டது. நேரம்: மாலை 5.15 முதல் 5.55 வரை. இடம்: மொட்டை மாடி.

பிறை 3. அட்டவணையின் நகல் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. கீழே என் பெயரும் பட்டங்களும் இருந்தன.

பிறை 8. இரவு தராவீஹ் தொழுகைக்குப் பிறகு ஜமீலாவுக்கு இரண்டு கெண்டைக்கால்களிலும் சதைப்பிடிப்பு.

பிறை 10. சிறுநீர் குறைவாகவும் அடர்த்தியாகவும் போவதாகச் சொன்னாள். நோன்பு திறந்தபின் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னேன்.

பிறை 13. மாலை 5.15: மாடி ஏறினாள். 5.50: மாடிப்படியின் மேல்படியில் உட்கார்ந்திருந்தாள். வியர்வை, கைநடுக்கம், பேச்சில் குழறல். சர்க்கரை பார்க்கும் கருவி மேசை இழுப்பறையில் இருந்தது, பயன்படுத்தப்படவில்லை. நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு அன்று 6.24. 6.09: நினைவிழந்தாள். 6.31: ஊர் மருத்துவமனை. இரத்தச் சர்க்கரை 31.

இதற்குப் பிறகு நான் குறிப்பு எழுதவில்லை. மேலே உள்ளவற்றில் தகவல் பிழை ஏதும் இல்லை. முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன் நான். ஆய்வகக் குறிப்பேட்டில் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது என்று மாணவர்களிடம் சொல்லிவந்தேன். இப்போது எழுதுவது அந்த விதிக்கு உட்பட்டதன்று.

அட்டவணையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு நோன்பு பங்குனி வெயிலில் வந்தது. ஓய்வு பெற்ற நாளிலிருந்து தினமும் நடந்துவரும் எனக்கு, ஒரு மாதம் நடையை விடுவதில் விருப்பமில்லை. பாங்குக்கு முந்தைய மணி நேரத்தில் நடந்தால், தாகம் எடுத்த சற்று நேரத்திலேயே தண்ணீர் குடித்துவிடலாம் என்பது என் தர்க்கம். நோயற்ற ஓர் உடலுக்கு அது பிழையான தர்க்கமில்லை. நான் நோயற்றவன். அட்டவணை என் உடலை அளந்து போட்டது.

ஒட்டிய அன்றைக்கே ஜமீலா அதைப் படித்துவிட்டுக் கேட்டாள். கையில் கஞ்சிக் கரண்டி இருந்தது.

"புரொபசர் பொண்டாட்டிக்குப் பரீட்சை வச்சிருக்கீங்க. சரி. மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து அடுப்படியில நிக்கிறேனே, அதை எந்தக் கட்டத்துல போடுறது?"

"அது வேலை. பயிற்சி வேறு."

"அந்த வித்தியாசம் உடம்புக்குத் தெரியுமாங்க?"

நான் சிரித்தேன். நல்ல கேள்வி என்றுகூடச் சொன்னேன். வாசிப்பறைக்குப் போய்விட்டேன்.

ஒவ்வொரு நாளும் நடந்து முடித்ததும் பென்சிலால் அந்த நாளின் கட்டத்தில் டிக் போடுவாள். பன்னிரண்டு டிக்குகள் இருக்கின்றன. ஒரே அளவாக, ஒரே சாய்வாக.

பதிமூன்றாம் பிறையின் அந்தப் பத்தொன்பது நிமிடங்களைப் பற்றி எழுத வேண்டும். மாடியில் அவள் காலடிச் சத்தம் நின்றுவிட்டதே என்று நான் கீழிருந்து மாடிப்படி ஏறியபோது, மேல்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். புடவை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்திருந்தது. கீழே போய்ச் சர்க்கரை கரைத்த தண்ணீர் கொண்டுவந்தேன். குவளையை அவள் கையால் தள்ளினாள்.

"இன்னும் அரை மணிதானே. இவ்வளவு நேரம் இருந்துட்டேன்."

வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. சர்க்கரையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். விரலில் ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. முறியாது என்று இமாம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். நோயாளிக்கு நோன்பை விட அனுமதி இருப்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் இது அவளுடைய நோன்பு, முடிவு அவளுடையது என்று மரியாதையோடு குவளையைப் பிடித்தபடி நின்றேன்.

மூளைக்குச் சர்க்கரையைத் தவிர வேறு எரிபொருள் கிடையாது என்று கொள்ளலாம். அது குறையும்போது முதலில் கைவிட்டுப் போவது தீர்மானிக்கும் திறன். வேண்டாம் என்று அவள் சொன்ன நேரத்தில், வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவள் இல்லை. இதை எனக்கு ஊர் மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர் விளக்கினார். நான் தலையசைத்தேன். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, பாடம் நடத்தி முடித்த பிறகு புரிந்துகொண்ட மாணவனைப் போல.

குளுக்கோஸ் ஏற்றியதும் கண் திறந்தாள். அன்று இரவே வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன். இரண்டு மணி நேரத்தில் சர்க்கரை மறுபடியும் இறங்கியது. ஏற்றினார்கள். விடியுமுன் மறுபடியும் இறங்கியது. அவள் எடுத்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் வகை. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. வேலை முடிந்தபின் அதை உடலிலிருந்து வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். மாத்திரை வெளியேறவில்லை. கட்டிலின் ஓரம் தொங்கிய பையில் சிறுநீரும் சேரவில்லை. செவிலியர் ஒவ்வொரு மணிக்கும் குனிந்து அந்தப் பையைப் பார்த்துவிட்டு, அளவைக் குறித்துக்கொண்டு போனார். நானும் பார்க்கத் தொடங்கினேன். ஐம்பது மில்லி. மூன்று மணி நேரம் கழித்தும் ஐம்பது மில்லி.

பதினைந்தாம் பிறை அன்று தஞ்சாவூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். சென்னையிலிருந்து வந்து சேர்ந்திருந்த எங்கள் மகள் ரிஸ்வானா ஆம்புலன்சில் உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். போய்ச் சேர்வதற்குள், உம்மாவின் சிக்கு விழுந்த கூந்தலை விரலாலேயே பிரித்துப் பின்னி முடித்திருந்தாள்.

அங்கே கிரியேட்டினின் என்ற சொல் எங்கள் நாட்களின் அளவுகோலாயிற்று. தசை உழைப்பின் கழிவுப்பொருள் அது. நல்ல சிறுநீரகம் அதை அன்றாடம் வெளியேற்றிவிடும். ஒன்றுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய எண், அவளுக்கு ஆறைத் தாண்டியிருந்தது. பதிமூன்று நாள் பகலெல்லாம் தண்ணீர் இல்லாமல், உடம்பிலிருந்து நீரைப் பிரித்தெடுக்கும் அழுத்த மாத்திரையோடு, வியர்வை சிந்தி உழைத்ததில் சிறுநீரகங்கள் வறண்டு நின்றுவிட்டன. அவை மீளலாம், பல பேருக்கு மீண்டிருக்கின்றன, அதுவரை இயந்திரம் அந்த வேலையைச் செய்யும் என்றார் சிறுநீரக மருத்துவர். என் மகள் வயதுப் பெண்மணி அவர். நிதானமாகப் பேசினார்.

"அம்மாவோட ஒரு நாளை சொல்லுங்க. சஹர்லேர்ந்து படுக்கப் போற வரைக்கும்."

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். நான் தொடங்கினேன். சஹர் சமைப்பாள். பிறகு குர்ஆன் ஓதுவாள். மாலையில் கஞ்சி காய்ச்சுவாள். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. பகல் வேளைகளில் நான் என் வாசிப்பறையில் இருப்பேன்.

ரிஸ்வானா சொன்னாள். மூன்று மணிக்கு எழுந்து சமையல். விடிந்ததும் துணி துவைத்து மாடியில் உலர்த்துவது. மத்தியானம் ஏறி எடுப்பது. இரண்டு மணிக்கு அடுப்படி. கஞ்சி எங்கள் இருவருக்கு மட்டுமல்ல, தெருவில் ஏழு வீட்டுக்கு. அடிபிடிக்காமல் பெரிய தேக்சாவில் துழாவிக்கொண்டே நிற்க வேண்டும். தூக்குவாளிகளில் ஊற்றி அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள். நோன்பு திறந்த பிறகு வீட்டிலேயே, குனிந்து நிமிர்ந்து, இருபது ரக்அத் தராவீஹ். இவையெல்லாம் சென்னையில் இருக்கும் மகளுக்குத் தெரிந்திருந்தன.

"நடக்கவும் செய்வாங்களா?"

"அஞ்சே காலுக்கு. நாப்பது நிமிஷம்."

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். "அப்ப அந்த நடை அன்னைக்கு அவங்களுக்கு மூணாவதோ நாலாவதோ உடற்பயிற்சிம்மா. அதுவும் சர்க்கரை ஆகக் குறைஞ்சிருக்கிற நேரத்துல. யாரு நடக்கச் சொன்னாங்க?"

என் சட்டைப் பையில் அட்டவணையின் நகல் ஒன்று நான்காக மடித்து இருந்தது. பள்ளிவாசலில் யாராவது கேட்டால் கொடுப்பதற்காக வைத்திருந்தேன். ரிஸ்வானா ஒரு கணம் என்னைப் பார்த்தாள்.

"உம்மா அவங்களா நடப்பாங்க, டாக்டர்."

வெளியே வந்த பிறகும் அதைப் பற்றி அவள் பேசவில்லை. அந்த நாட்களில் என் மீது காட்டப்பட்ட இரக்கங்களில் அதுவே பெரியது. அவள் மருத்துவரிடம் சொன்னதை நான் திருத்தவில்லை.

எதிர்வீட்டுச் செல்வி பதினேழாம் பிறை அன்று பஸ் ஏறிப் பார்க்க வந்தார். ஜமீலா முப்பது ஆண்டுகளாகக் கஞ்சி கொடுத்துவந்த ஏழு வீடுகளில் ஒன்று அவருடையது. துணிப்பையில் இரண்டு இளநீர்.

"சூட்டுல வந்த சீக்குதானேங்கய்யா. இதக் குடிச்சா எறங்கிடும். எங்கயும் உருண்டுடக் கூடாதுன்னு மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன்."

கொடுக்கக் கூடாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, பேரீச்சம்பழத்திலும் அப்படியே. நல்ல சிறுநீரகம் மிஞ்சியதை வெளியேற்றிவிடும். நின்றுபோன சிறுநீரகத்தில் அது இரத்தத்தில் தேங்கி இதயத்துடிப்பைக் குலைத்துவிடும். நோன்பு திறக்க நாம் முதலில் வாயில் வைக்கிற பொருள்கள் இப்போது அவளுக்கு நஞ்சு. செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பையை மடியிலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"அப்ப நீங்க குடிங்க. நீங்களும் நோன்புதானே."

நான் அங்கேயும் நோன்பை விடவில்லை. பயணத்தில் இருப்பவனுக்கு விலக்கு உண்டு. ரிஸ்வானா அதைச் சொல்லிப் பார்த்தாள். பிறகு கோபித்துப் பார்த்தாள். "நீங்களும் விழுந்துட்டா நான் எந்த வார்டுக்கு ஓடுறது வாப்பா?" என்றாள். ஜமீலாவின் கண்ணில் படாதபடி நடைபாதைக் கோடியில் நின்று, தினமும் ஒரு பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்தேன். அன்று இளநீரோடு. பாட்டிலில் அடைத்த தண்ணீரைப் போல அது எந்தச் சுவையும் இல்லாமல் இறங்கியது.

பதினெட்டாம் பிறை, டயாலிசிஸ் அறைக்கு வெளியே காத்திருக்கும் கூடம். இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரத்தில் கழுவி, மறுபடி உள்ளே அனுப்பும் அந்த வேலை நான்கு மணி நேரம் எடுக்கும். என் பெயரைச் சொல்லி ஒருவர் கூப்பிட்டார். நஜீப் என்று சொன்னார். பல ஆண்டுகளுக்கு முன் என் மாணவர். மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார். எங்கள் ஊரிலிருந்து காரைக்கால்மேட்டுக்குப் போகிற வழியில் புதிதாக வீடு கட்டியிருப்பதாகச் சொன்னார். பெண்குழந்தை பிறந்திருந்தது. வாழ்த்தினேன்.

"சார், உங்க அட்டவணைதான் எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு. மாமா ஒருத்தர் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாரு. எங்கம்மா யார் சொன்னாலும் நடக்க மாட்டாங்க. 'கெமிஸ்ட்ரி சார் எழுதியிருக்காருடா'ன்னு இந்த வருஷம் டாண்ணு அஞ்சே காலுக்கு மாடி ஏறிடுறாங்க."

"மாத்திரை ஏதும் சாப்பிடுகிறார்களா?"

"சுகருக்கு. பிரஷருக்கு. அதெல்லாம் கரெக்டா சாப்பிட்டுடுவாங்க சார்."

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வாக்கியம். அம்மாவுக்கு இன்றே போன் செய்து நடையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று. அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். கேட்டால், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் யார் படுத்திருக்கிறார் என்றும், படுக்கவைத்தது யார் என்றும் சொல்ல வேண்டும்.

"மருத்துவரையும் ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது" என்றேன்.

"நீங்களே சொன்ன பிறகு என்ன சார்" என்று சிரித்தார். குழந்தையைப் பார்க்க யாரோ வந்திருப்பதாக போன் வந்தது. என் கையைப் பற்றிக் குலுக்கிவிட்டுப் போனார். அவருடைய எண்ணை நான் வாங்கவில்லை.

இருபதாம் பிறை அன்று சிறுநீர்ப் பையில் இருநூறு மில்லி சேர்ந்திருந்தது. செவிலியர் எனக்குக் காட்டுவதற்காக அதைச் சற்றுத் தூக்கிப் பிடித்தார். மருத்துவரும் முதல்முறையாக உட்கார்ந்து பேசினார். ஜமீலா தெளிவாக விழித்திருந்தாள். முகத்தில் வீக்கம் வடிந்திருந்தது.

"பிறை எத்தனைங்க?"

"இருபது."

"அப்ப எட்டு நோன்பு போச்சு. பெருநாள் கழிச்சு களா வச்சு ஈடு கட்டணும்."

"உடம்பு தேறட்டும்."

"தேறுனா நீங்க இன்னொரு அட்டவணை போட்டுடுவீங்க." கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அன்னைக்கு நாப்பது நிமிஷம் ஆகலை. அஞ்சு நிமிஷம் பாக்கி. அந்தக் கட்டத்துல டிக் போட்டுடாதீங்க" என்றாள்.

போட மாட்டேன் என்றேன். மன்னிப்புக் கேட்க அதைவிடத் தகுந்த நேரம் எனக்கு வாய்த்திருக்க முடியாது. வீட்டுக்குப் போன பிறகு, அவள் அடுப்படியில் நிற்கும்போது, அருகில் நின்று கேட்கலாம் என்று ஒத்திவைத்தேன்.

இருபத்திரண்டாம் பிறை காலையில் அவளுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் வலி இல்லை என்றாள். பல ஆண்டு சர்க்கரை நோயில் நரம்புகள் மரத்துப்போவதால், மாரடைப்பு வலியில்லாமலும் வரும் என்பதை அன்று அறிந்தேன். முந்தைய இரவே வந்திருக்கலாம் என்று இதயத்துடிப்பு வரைபடத்தைப் பார்த்துச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப இறங்கிய சர்க்கரை, கழுவிக் கழுவி ஏற்றிய இரத்தம், பத்து நாள் சுமை. இதயம் எதையும் அறிவிக்காமல் அவற்றைச் சுமந்திருக்கிறது. அவள் வழக்கமும் அதுவே.

இருபத்துமூன்றாம் பிறை, நண்பகல் லுஹர் பாங்குக்குச் சற்று முன், ஜமீலா இறந்தாள். ரிஸ்வானா ஒரு கையைப் பிடித்திருந்தாள். நான் மறு கையை. அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஊருக்குக் கொண்டுவந்து, இரவுத் தொழுகைக்கு முன் அடக்கம் செய்தோம்.

மறுநாள் லுஹர் தொழுகை முடிந்ததும் அறிவிப்புப் பலகையின் முன்னால் போய் நின்றேன். அட்டவணை நான்கு முள்களால் குத்தப்பட்டிருந்தது. இரண்டை எடுத்துவிட்டேன். ஜமாஅத் செயலாளர் அருகில் வந்தார்.

"ஏன் சார் எடுக்குறீங்க? எத்தனை பேர் இதைப் பார்த்து நடக்குறாங்க. அவங்க மவுத்துக்கும் இதுக்கும் என்ன இருக்கு? எல்லாம் அவன் எழுதுனது."

"இது நான் எழுதியது" என்றேன்.

மீதி இரண்டு முள்களையும் எடுத்தேன். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு ஒலிபெருக்கி முன் நின்று, நடந்ததை ஐந்து நிமிடத்தில் சொன்னேன். பதினொரு பேர் நகல் எடுத்திருப்பதாகக் கை தூக்கினார்கள். அவர்கள் வீடுகளுக்கெல்லாம் போய்வந்தேன். நஜீபின் மாமா அவர்களில் இல்லை.

அட்டவணையின் கீழே இருந்திருக்க வேண்டிய வரியை இங்கே எழுதிவைக்கிறேன். சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் பொருந்தாது. அவர்கள் பிறை பார்ப்பதற்கு முன்பே மருத்துவரிடம் போய், மாத்திரையின் அளவையும் நேரத்தையும் நடையையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாங்குக்கு முந்தைய மணி நேரங்களில் அவர்கள் உடலை வருத்தக் கூடாது. நடப்பதானால் நோன்பு திறந்து, உண்டு, ஓய்ந்த பின் மெதுவாக. தராவீஹும் பயிற்சிதான். அடுப்படியும் பயிற்சிதான். விரலில் இரத்தம் எடுத்துப் பார்ப்பதால் நோன்பு முறியாது. எண் எழுபதுக்குக் கீழே இறங்கினால், அல்லது வியர்வையும் நடுக்கமும் குழறலும் கண்டால், பாங்குக்கு ஐந்தே நிமிடம் இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும். அவர்கள் மறுத்தால், அருகில் இருப்பவர் விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஒரு வரி என்றேன், பல வரிகளாகிவிட்டது.

பெருநாள் முடிந்து, இன்று ஷவ்வால் பிறை நான்கு. செய்யாமல் இருப்பவை:

1. செல்வியின் துணிப்பையைத் திருப்பிக் கொடுப்பது.

2. ஜமீலா விட்ட பதினொரு நோன்புகளைப் பற்றி இமாமிடம் கேட்பது.

3. ஏழு வீட்டுத் தூக்குவாளிகள். எது எந்த வீட்டுடையது என்று அவளுக்குத்தான் தெரியும்.

4. மருத்துவருக்குக் கடிதம்: நடக்கச் சொன்னது நான்.

5. சமையலறை அலமாரிக் கதவில் இருக்கும் அட்டவணையைக் கழற்றுவது. பதிமூன்றாம் கட்டம் காலியாக இருக்கிறது.

6. நஜீபின் வீடு. காரைக்கால்மேட்டுச் சாலையில் இரண்டு நாள் விசாரித்துவிட்டேன், தெரியவில்லை. பெருநாளுக்குப் பிறகு பெண்கள் ஆறு நோன்பு வைக்கும் நாட்கள் இவை, நஜீபின் அம்மாவும் வைத்திருக்கலாம். இப்போது மணி நான்கே முக்கால்.